வெயிட் வரியை எடுத்துவிடுங்கள்

வணக்கம்ங்க,

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில சிஸ்டம் அட்மினா இருக்கேன். கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் பண்டில் கணக்கு பூராவும் ஒரே சாஃப்ட்வேர்லதான் ஓடுது. ரெண்டு லினக்ஸ் சர்வர், ரெண்டுலயும் என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர், ஒண்ணு நின்னா இன்னொண்ணு எடுத்துக்கற மாதிரி கீப்அலைவ்டு போட்டு ஒரு விர்ச்சுவல் ஐபி, அதாவது ரெண்டுல ஒண்ணு மட்டும் வச்சிருக்கற பொது முகவரி. முதல் சர்வர் 192.168.10.11, ப்ரியாரிட்டி 110 (பெரிய எண்ணுக்குத்தான் ஐபி). ரெண்டாவது 192.168.10.12, ப்ரியாரிட்டி 100. எல்லாரும் போற ஐபி 192.168.10.10. என்ஜின்எக்ஸ் நின்னா ப்ரியாரிட்டி 5 குறையற மாதிரி (அதுதான் வெயிட்) செக் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன்.

ரெண்டு மாசம் முன்னாடி முதல் சர்வர்ல என்ஜின்எக்ஸ் நின்னுபோச்சு. ஐபி நகரவே இல்லீங்க. போன வாரம் ரெண்டாவது சர்வரை பேக்கிங் கட்டடத்துக்கு மாத்தி ஃபயர்வாலும் போட்டோம். அதுல இருந்து ரெண்டு சர்வர்லயும் அந்த ஐபி உட்கார்ந்திருக்குது. நெட்வொர்க்ல வர்றதைக் காட்டற டிசிபிடம்ப்ல பார்த்தா பாக்கெட் நல்லாத்தான் வருது. போதாக்குறைக்கு, கரண்ட் போய் வந்தா முதல் சர்வர் எந்திரிச்ச உடனே ஐபியைப் பிடுங்கிக்குது. சாஃப்ட்வேர் கிளம்ப இன்னும் மூணு நிமிஷம் ஆகும். வெயிட்டை 20 ஆக்கினா சரியாயிருமுங்களா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

20 ஆக்கினால் முதல் சிக்கல் தீரும். ஆனால் கரண்ட் சிக்கலைச் சரிசெய்யப் போகும்போது அதே 20 குறுக்கே வந்து நிற்கும். ஆகவே எண்ணை மாற்ற வேண்டாம்.

ஐபி ஏன் நகரவில்லை என்பது வெறும் கழித்தல் கணக்கு. 110இல் 5 போனால் 105. எதிரில் இருப்பது 100. என்ஜின்எக்ஸ் செத்தும் முதல் சர்வர்தான் பெரியவர். வெயிட் வேலை செய்ய வேண்டுமென்றால் அது இரண்டு ப்ரியாரிட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உங்களுக்கு 10ஐத் தாண்ட வேண்டும்.

இனி கரண்ட் விஷயம். எழுந்து வந்த சர்வர் ஐபியைப் பிடுங்காமல் இருக்க நோப்ரீயெம்ப்ட் என்றொரு வரி உண்டு. அதைப் போட்டால் இரண்டு சர்வரிலும் ஸ்டேட் வரியில் பேக்கப் (ஐபிக்குக் காத்திருப்பவர்) என்றே இருக்க வேண்டும். மாஸ்டர் (ஐபியை வைத்திருப்பவர்) என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நோப்ரீயெம்ப்ட் போட்ட பேக்கப், மாஸ்டரின் ப்ரியாரிட்டி தன்னுடையதைவிடக் கீழே இறங்கினாலும், அங்கிருந்து 'நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு வந்துகொண்டிருக்கும்வரை வாயைத் திறக்காது. 110 இருபது குறைந்து 90 ஆனாலும் 100 பேசாமல் உட்கார்ந்திருக்கும். முதல் சர்வரில் மட்டும் அந்த வரியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று தோன்றும். ஐபி இரண்டாவதுக்குப் போனபின் அங்கே என்ஜின்எக்ஸ் நின்றால், முதல் சர்வர் அதை எடுக்காது.

அதனால் செக் ஸ்கிரிப்டில் வெயிட் வரியையே எடுத்துவிடுங்கள். வெயிட் இல்லாத ஸ்கிரிப்ட் தோற்றால் கீப்அலைவ்டு ஃபால்ட் (பழுது) நிலைக்குப் போய் ஐபியைக் கீழே வைத்துவிடும். வைக்கும்போது ப்ரியாரிட்டி 0 என்று ஒரு அறிவிப்பு அனுப்பும். அதைக் கேட்ட பேக்கப் நோப்ரீயெம்ப்ட் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். 256இல் 100ஐக் கழித்து 256ஆல் வகுத்தால் வருகிற சுமார் 0.6 நொடிதான் அது காத்திருக்கும். சர்வரே பொத்தென்று அணைந்தால் 0 அனுப்ப ஆளில்லை. ஒரு நொடி இடைவெளி அறிவிப்பு மூன்று தவற வேண்டும், ஆக 3.6 நொடி.

ஸ்கிரிப்ட் என்ஜின்எக்ஸ் ப்ராசஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. உறைந்துபோன ப்ராசஸும் பட்டியலில் இருக்கும். கர்ல் என்ற கட்டளை கொண்டு 127.0.0.1 (அதே சர்வர்) வழியாக சாஃப்ட்வேரின் லாகின் பக்கத்தைக் கேளுங்கள், 2 நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். 404, 500 போன்ற பதில் வந்தாலும் தோல்வி என்று எடுத்துக்கொள்ள கர்லுக்கு மைனஸ் எஃப் (-f) கொடுக்க மறக்காதீர்கள். இன்டர்வல் 3 (மூன்று நொடிக்கு ஒரு சோதனை), ஃபால் 3 (மூன்று முறை தோற்றால் தோல்வி), ரைஸ் 2 (இரண்டு முறை ஜெயித்தால் மீட்சி). இப்படிச் செய்தால் சாஃப்ட்வேர் கிளம்பாத அந்த மூன்று நிமிடமும் சர்வர் தானாகவே ஃபால்டில் இருக்கும்.

ஒரு பொறி உண்டு. என்ஜின்எக்ஸ் லிஸன் வரியில் 192.168.10.10 என்று எழுதியிருந்தால், ஐபி இல்லாத சர்வரில் என்ஜின்எக்ஸ் கிளம்பவே கிளம்பாது. கிளம்பாததால் ஸ்கிரிப்ட் தோற்கும், தோற்பதால் ஐபி வராது. வெறும் போர்ட் எண்ணோடு விடுங்கள். எல்லா முகவரியிலும் கேட்கட்டும்.

இரண்டு இடத்திலும் ஐபி இருப்பதற்குக் காரணம், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை. முறை வைத்துப் பாய்ச்சுகிற வாய்க்காலில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்றைக்கு வரவில்லை என்று நினைத்து இரண்டு பேருமே மடையைத் திறந்த கதை. டிசிபிடம்பை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள். அது ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். கார்டு வரை வந்ததற்கு அது சாட்சி, கீப்அலைவ்டு கைக்குப் போனதற்கு அல்ல.

ஃபயர்வாலில் போர்ட் 112 திறந்திருந்தால் அதை மூடிவிடுங்கள். கீப்அலைவ்டு அறிவிப்பு போகிற வி.ஆர்.ஆர்.பி.க்கு டிசிபி, யுடிபி, போர்ட் எதுவும் கிடையாது. அதுவே ஐபிக்கு மேல் நேரடியாக ஓடுகிற தனி ப்ரோட்டகால், அதன் எண்தான் 112. ப்ரோட்டகால் 112ஐ இரண்டு சர்வரிலும், மறுக்கிற விதிக்கு மேலே, அனுமதியுங்கள். அறிவிப்பு இயல்பாக 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கு ஒரே நேரத்தில் போகிற) முகவரிக்குப் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம், நடுவில் இரண்டு சுவிட்ச் என்று ஆனபின் அதை நம்பி இருக்க வேண்டாம். யூனிகாஸ்ட் பியராக அடுத்த சர்வரின் ஐபியை எழுதி நேருக்கு நேர் பேச விடுங்கள். இந்த ஜோடியின் அடையாள எண்ணான விர்ச்சுவல் ரௌட்டர் ஐடி 51 என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். மாதிரி ஃபைலில் இருந்து ஊரே நகலெடுக்கிற எண் அது.

இவ்வளவு செய்தும், கட்டடங்களுக்கு நடுவே உள்ள கேபிளை எலி கடித்தால் இரண்டும் மாஸ்டர் ஆகும். இரண்டே சர்வர் உள்ள அமைப்பில் இதைக் கீப்அலைவ்டு மட்டும் தடுக்க முடியாது. இரண்டாவது சர்வரில் மட்டும் இன்னொரு ஸ்கிரிப்ட் போடுங்கள்: மெயின் கட்டடத்து சுவிட்சின் ஐபியைப் பிங் செய்து, தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் ஃபால்ட். தையல் லைன்கள் மெயின் கட்டடத்தில் இருந்தால் அங்கே வேலை நிற்காது; பேக்கிங் மட்டும் காத்திருக்கும். இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பண்டில் ஏறி, பிறகு உட்கார்ந்து ஒட்டவைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஐபி நகர்ந்தால் டேட்டா கூடவே நகராது என்பதை முதலாளியிடமும் ஒருமுறை சொல்லி வையுங்கள். டேட்டாவை இரண்டிலும் ஒன்றாக வைக்கிற ரெப்ளிகேஷன் தனி வேலை.

ஐபி மாறிய பிறகும் லேபிள் பிரின்டர், ஸ்கேனர் எதுவாவது பழைய சர்வரையே தட்டிக்கொண்டிருந்தால் அதன் ஆர்ப் கேஷ் (எந்த ஐபி எந்த கார்டில் என்ற குறிப்பு) பழையது. கீப்அலைவ்டு எடுத்தவுடன் ஐந்து முறையும், ஐந்து நொடி கழித்து இன்னொரு ஐந்து முறையும் 'இந்த ஐபி இனி என் கார்டில்' என்று கத்தும். அதைத் தவறவிட்ட சாதனத்துக்காக கார்ப் மாஸ்டர் ரெஃப்ரெஷ் 60 என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் சொல்லும்.

சோதனையைச் சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில் செய்யாதீர்கள், ஞாயிறு வையுங்கள். என்ஜின்எக்ஸை நிறுத்துங்கள், பிறகு லேன் கேபிளை உருவுங்கள், பிறகு கட்டடங்களுக்கு நடுவேயான கேபிளை, கடைசியாக பவர் கார்டை. கேபிள் உருவுகிற சோதனையை இரண்டு சர்வரிடமும் மாறி மாறிச் செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்காத ஃபயர்வால் அப்போதுதான் மாட்டும். ஒவ்வொரு முறையும் எல்லாம் திரும்ப இணைந்தபின் மூன்றாவது கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து 192.168.10.10க்கு ஆர்ப்பிங் (இந்த ஐபி யாரிடம் என்று கேட்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். மைனஸ் பி (-b) சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் பதில் வந்ததும் அந்த ஒருவரிடமே பேச ஆரம்பித்துவிடும், இரண்டாவது ஆள் தெரியமாட்டார். பதிலில் ஒரே ஒரு மேக் முகவரி (கார்டின் எண்) வந்தால் திங்கள்கிழமை லைனை ஓட்டலாம். இரண்டு வந்தால் இரண்டாவது சர்வரில் கீப்அலைவ்டை நிறுத்திவிட்டு, அதன் ஃபயர்வால் விதிகளின் வரிசையை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்