வீட்டிலேயே பைக் சர்வீஸ்: எதுவரை கை வைக்கலாம்?

கேள்வி: 2019-இல் வாங்கிய 100 சிசி பைக் வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டது. கடைசியாக சர்வீஸுக்கு விட்டபோது நான் கேட்காத ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘கோட்டிங்’ எல்லாவற்றையும் பில்லில் சேர்த்துவிட்டார்கள். இனி ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? மனைவியின் ஸ்கூட்டருக்கும் அதே ஆயிலை ஊற்றலாமா? எல்இடி ஹெட்லைட்டும் வேறு சைலன்சரும் மாட்ட ஆசை. இவற்றால் இன்சூரன்ஸ் பாதிக்கப்படுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஆயில், செயின், பிளக், கேபிள் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வது பராமரிப்பு; அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, இன்சூரன்ஸுக்கும் அதனால் பாதகம் இல்லை. ஹெட்லைட்டையும் சைலன்சரையும் மாற்றுவது வண்டியின் அமைப்பில் கை வைப்பது. அது சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. வாரண்டி முடிந்த வண்டி என்பதால் முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். வாரண்டி உள்ளவர்கள் கம்பெனி சர்வீஸைத் தவறவிட்டால் பிறகு எந்தக் கோரிக்கையும் எடுபடாது என்பதால், அவர்கள் காத்திருப்பதே நல்லது.

முதலில் வண்டியோடு கொடுத்த கையேட்டைத் தேடி எடுங்கள். ஆயில் அளவு, செயின் தொய்வு, டயர் காற்று என உங்களுக்கு வேண்டிய எல்லா எண்களும் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இத்தனை வண்டிகளை விற்கிறவர்கள் அந்தக் கையேட்டை எறும்பு எழுத்து ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுப்பதும், அதுகூட ஷோரூம் மேசையிலேயே தங்கிவிடுவதும் எனக்கு நெடுநாள் எரிச்சல். கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். நூறு உருப்படி கொண்ட கருவிப் பெட்டி எதையும் வாங்க வேண்டாம். உங்கள் வண்டியின் டிரைன் போல்ட்டுக்கும் (ஆயிலை வடிக்கும் போல்ட்) ஆக்சில் நட்டுக்கும் (பின்சக்கர அச்சின் நட்) சரியாகப் பொருந்துகிற தரமான ரிங் ஸ்பேனர்கள், வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர், ஒரு பழைய தட்டு, ஓர் அளவுக் குவளை ஆகியவை போதும்.

ஆயில் மாற்றும்போது வண்டியைச் சமதளத்தில் டபுள் ஸ்டாண்டு போட்டு, சில நிமிடங்கள் ஓடவிட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, கால் மணி நேரமாவது வடிய விடுங்கள். புதியவர்கள் தவறுவது வடிக்கும்போது அல்ல, திரும்ப மாட்டும்போதுதான். இன்ஜின் அடிப்பகுதி அலுமினியம், போல்ட்டோ இரும்பு. எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரால் முறுக்கினால் மரை கோணி ஏறிக் கிழிந்துவிடும். பிறகு நீங்கள் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு லேத் பட்டறைக்குப் போகும். வாஷரைப் புதிதாகப் போட்டு, மரை முழுவதும் வெறும் விரலாலேயே ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரை வைத்து, ‘நின்றுவிட்டது’ என்று கை உணர்ந்தபின் சிறிதளவு இறுக்கினால் போதும். ஸ்பேனரின் மேல் ஏறி நிற்கிற ஆட்களைப் பார்த்து அதுதான் முறை என்று எண்ணிவிடாதீர்கள். ஊற்ற வேண்டிய அளவாகக் கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். இன்ஜினைப் பிரித்து மாட்டும்போதுக்கானது கூடுதலாக இருக்கும். வெறுமனே வடித்து மாற்றும்போதுக்கான குறைந்த அளவே உங்களுக்கு உரியது. ஊற்றியபின் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அணைத்துக் காத்திருந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் இரு கோடுகளுக்கும் நடுவே ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஆயில் என்பதில் விலையைவிட டப்பாவில் உள்ள ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) என்ற தரக் குறிதான் முக்கியம். பைக்கின் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் அந்தத் தட்டுகளை வழுக்கச் செய்துவிடும். போலி ஆயில் இங்கே சாதாரணமாகிவிட்டது. பழைய இரும்புக்கடைக்குப் போகும் காலி டப்பாக்களே அதன் மூலதனம். மூடியையும் முத்திரையையும் புதிதாக ஒட்டி, வடிகட்டிய பழைய ஆயிலை நிரப்பிவிடுகிறார்கள். ஆகவே பில் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள்; அச்சிட்ட விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள்; நீங்கள் தீர்த்த டப்பாவைக் கத்தியால் கிழித்த பிறகே குப்பையில் போடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, செயினிலும் தடவக் கூடாது. அதில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகள் இருக்கிறது. மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரிக்கிற சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டது நல்லது, ஏனெனில் இந்த ஒன்றில்தான் பலரும் குழம்புகிறார்கள். பெல்ட்டில் ஓடுகிற கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. பின்சக்கரத்தை ஒட்டித் தனி அறையில் உலர்ந்தே இருக்கிறது. அதனால் அதற்கு ‘எம்பி’ (MB) என்ற குறியுள்ள, வழுக்கல் கூடிய ஆயிலைப் பரிந்துரைக்கிறார்கள். இப்போது திசையைக் கவனியுங்கள்: ஸ்கூட்டரின் எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஏற்றத்தில் இன்ஜின் அலறும், வண்டி நகராது. பைக்கின் எம்ஏ ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால், கெட்டித்தன்மைக் குறி (10W-30 போன்றது) ஒத்திருக்கும் வரை, பெரிய கேடு ஒன்றும் வராது. மைலேஜ் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். ஆயினும் வீட்டில் இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவசரத்தில் மாற்றி எடுக்கிற வாய்ப்பு இருப்பதால், மூடியிலேயே ‘பைக்’, ‘ஸ்கூட்டர்’ என்று எழுதிவைத்துவிடுங்கள். ஸ்கூட்டரின் பின்சக்கரப் பல்சக்கரப் பெட்டிக்குத் தனியாக ஒரு டம்ளருக்கும் குறைவான கியர் ஆயில் உண்டு. இன்ஜின் ஆயிலை மாற்றினால் அதுவும் மாறிவிடும் என்று எண்ணக் கூடாது. கையேட்டில் அதற்கு வேறு கெடு கொடுத்திருப்பார்கள்.

செயினுக்கு, வண்டியை டபுள் ஸ்டாண்டில் நியூட்ரலில் நிறுத்தி, கீழ்ப்புறச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உங்கள் ரக வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தொய்வு இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாமல், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்து அளவைச் சரிசெய்யுங்கள். இருபுற அட்ஜஸ்டரிலும் கோடுகள் சமமாக நிற்க வேண்டும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில், செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது பிரேக் கம்பியும் இழுபட்டு, பிரேக் தானாகவே இறுகிவிடும். இதைக் கவனிக்காமல் ஓட்டியவர்கள்தான் ‘செயின் மாற்றியதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது’ என்று வருவார்கள். ஆக்சில் நட்டை இறுக்கியதும் பிரேக் பெடலின் தளர்வைச் சரிசெய்து, சக்கரத்தைக் கையால் சுழற்றி, உரசாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே தெருவில் இறக்குங்கள். டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாயில் மட்டும் கை வைக்காதீர்கள். காற்று புகுந்துவிட்டால் லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது.

உங்கள் பில்லில் ஏறிய ஃப்ளஷுக்கு, அதாவது இன்ஜினின் உள்ளே திரவம் ஊற்றிக் கழுவுவதற்கு வருவோம். காலத்தில் ஆயில் மாற்றிய சிறிய இன்ஜினுக்கு அது தேவையில்லை. கழுவிய திரவம் உள்ளே தங்கிப் புதிய ஆயிலையே நீர்க்கச் செய்யும். கோட்டிங் என்பது பெரும்பாலும் பாலிஷ். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றை விற்பதற்கென்றே மாத இலக்கு வைத்திருக்கும்போது, உங்கள் வண்டிக்குத் தேவையா என்று அவர் ஏன் யோசிக்கப் போகிறார்? அடுத்த முறை ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் வேண்டாதவற்றை அடித்துவிடுங்கள்.

இனி உங்கள் ஆசைகள். உங்கள் ஹெட்லைட்டின் பிரதிபலிப்பான் இழை பல்புக்காக வளைத்துச் செய்தது. அதில் எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் எங்கும் சிதறும். உங்களுக்குச் சாலை நன்றாகத் தெரிவதுபோல் தோன்றும், எதிரே வருகிறவருக்குக் கண் இருண்டுவிடும். அதற்குமுன் கண்ணாடியைத் துடைத்து, பழைய பல்பை அதே அளவில் புதிதாக மாற்றி, விளக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நிமிர்த்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

சைலன்சரை மறந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு வழி செய்கிறது. ஒலி மாசுக்கு 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் ரத்தும் தனி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் வண்டியை அலங்கரிக்க எது வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் சாலையில் சோதனையில் நிற்பது மாட்டியவர்தான், விற்றவர் அல்ல. இந்த லட்சணத்தில் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில், ‘கொஞ்சம் செலவு செய்தால் ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன்’ என்று சொல்லுகிற புரோக்கர்களும் இருக்கிறார்கள். அதிகச் சத்தம் போடுகிற சைலன்சரை ஆர்.சி.யில் ஏற்ற எந்த வழியும் இல்லை. அவரிடம் கொடுத்த பணம் போனதுதான். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் காப்பை (சாரி கார்டு) அழகுக்காகக் கழற்றச் சொல்பவர்களுக்கும் காது கொடுக்காதீர்கள், அது விதிப்படி இருந்தாக வேண்டியது.

இன்ஷூரன்ஸில், வீட்டில் ஆயில் மாற்றியதற்காக எவரும் உங்கள் கோரிக்கையை மறுக்க முடியாது. ஆனால் சொல்லாமல் செய்த மாற்றத்தை, விபத்துக்குப் பின் வண்டியைப் பார்க்க வருகிற சர்வேயர் படம் எடுத்துக் குறித்துவிடுவார். உங்கள் வண்டிக்கான சொந்தச் சேதத் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ அது ஒரு காரணமாகும். தனியாக மாட்டிய மின்சாதனங்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்த்தால்தான் அவற்றுக்கும் பாதுகாப்பு. ஆயில், வாஷர், செயின் என நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றின் பில்லையும் தேதி, கிலோமீட்டர் எழுதி ஒரு உறையில் போட்டு வையுங்கள். சர்வேயருக்கும், நாளை வண்டியை வாங்க வருபவருக்கும் காட்ட வேண்டியது அதைத்தான்.