மக்கோடஸ் செடியின் இலை கருகுவது ஏன்? கண்ணாடித் தொட்டியில் ஜுவல் ஓர்கிட் வளர்ப்போருக்கு

கேள்வி: கொழும்பில் வாங்கிய ‘மக்கோடஸ் பெட்டோலா’ என்ற ஜுவல் ஓர்கிட் (இலையழகுக்காக வளர்க்கும் ஓர்கிட்) செடியை மூடியுள்ள மீன்தொட்டி ஒன்றில் வளர்க்கிறேன். அடியில் கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கற்களையும் மேலே ஸ்பாக்னம் பாசியையும் பரப்பி, நாள்தோறும் கிணற்றுத் தண்ணீர் தெளிக்கிறேன். இரண்டு மாதத்துக்குள் இலை நுனிகள் கருகின, பாசியின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, அடித்தண்டும் இளகிவிட்டது. ஈரம் போதவில்லையா? (வாசகி, கொக்குவில்)

பதில்: உங்கள் செடிக்கு ஈரத்தில் குறையில்லை. அதைக் கெடுத்தவை சுண்ணாம்பும் வெக்கையுமே. ஆகவே, தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறி வருவதால் அதில் கல்சியம் மிகுதியாகக் கரைந்திருக்கும். கேத்தலின் அடியில் படையாகப் பிடிப்பதும் உங்கள் பாசியின் மேல் படிந்திருப்பதும் ஒன்றுதான். மக்கோடஸ் தென்கிழக்காசிய மழைக்காடுகளின் நிலத்தில், உக்கிய இலைகளின் இலேசான அமிலத்தன்மையில், மழைநீரை மட்டுமே குடித்து வளர்ந்த செடி. மூடிய தொட்டியில் நீர் ஆவியாகிக் கண்ணாடியில் துளித்து மீண்டும் கீழே இறங்கும். உப்போ இருந்த இடத்திலேயே நிற்கும். நீங்கள் தெளிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உப்போடு இன்னும் கொஞ்சம் சேர்கிறது. வேர் உறிஞ்சும் நீருடன் அது இலை நுனிவரை சென்று அங்கே தங்கிவிடுவதால், கருகல் நுனியிலிருந்து தொடங்குகிறது.

மழைநீரே இதற்கு மருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீரை ஓடவிட்டு, அதன்பின் பீலியில் விழுவதை மூடியுள்ள பீப்பாயில் பிடித்து, நுளம்பு முட்டையிடாதபடி வாயை வலைத்துணியால் கட்டி வையுங்கள். ஓரிரு செடிகளுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் நீர் சில போத்தல்களைத் தாண்டாது. மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. முறையில் (மெல்லிய சவ்வின் ஊடாக உப்பை வடிகட்டி) சுத்திகரித்த தண்ணீர் வாங்கலாம். கொதிக்கவைத்து ஆறிய கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஈடாகாது. கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி படிந்தாலும் மற்ற உப்புகள் அப்படியே இருக்கும்.

அடியிலுள்ள கற்களையும் எடுத்துவிடுங்கள். நம் கடற்கரையின் வெள்ளைக் கற்களில் பெரும்பாலானவை பவளத்தின் அல்லது சுண்ணாம்புக்கல்லின் துண்டுகள். ஒரு கல்லின் மேல் நாலு துளி வினாகிரி விட்டால் நுரைத்துப் பொங்கும். அப்படிப் பொங்கும் எந்தக் கல்லும் ஓர்கிட்டின் வேருக்குக் கீழே இருக்கக் கூடாது. உடைந்த ஓட்டுத் துண்டுகளும் சிரட்டைக்கரியும் அந்த இடத்துக்குப் போதும். தென்னந்தும்பு சேர்ப்பதானால், அதிலும் உப்பு இருக்கும் என்பதால், மழைநீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்தபின் சேருங்கள்.

அடுத்தது வெக்கை. சித்திரையில் நம் வீடுகளுக்குள் இரவிலும் சூடு இறங்குவதில்லை. மக்கோடஸுக்கு 20 முதல் 28 பாகை செல்சியஸ் வரை உவப்பானது. மூடிய கண்ணாடித் தொட்டி, அறையின் சூட்டோடு வெளிச்சத்தின் சூட்டையும் பிடித்து வைக்கும். சூடும் அசையாத ஈரமும் சேரும் இடத்தில்தான் தண்டழுகல் வருகிறது. ஆகவே மூடியை ஒரு விரற்கிடை திறந்து வைத்து, தகரக் கூரையின் கீழோ மாடியிலோ அன்றி, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில், சீமெந்துத் தரையிலேயே தொட்டியை வையுங்கள். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும். அப்போது மட்டும் இடைவெளியைக் குறைக்கலாம். வடக்கு யன்னலின் வெளிச்சம் போதும், நேர்வெயில் ஒரு மணித்தியாலம் பட்டாலும் இலை வெளிறும்.

வனராஜ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அனெக்டோகிலஸும் ஒரு ஜுவல் ஓர்கிட்தான், நம் நாட்டு ஈரக்காடுகளின் செடி. செம்பு நிறக் கோடுகள் ஓடும் அதன் இலையைக் கண்டவர்களுக்கு ஆசை வருவது இயல்புதான். ஆயினும் அதைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பவரிடம் வாங்காதீர்கள். யாழ்ப்பாண வெக்கையில் அது உங்கள் கண்முன்னே சாகும் என்பதுடன், காட்டிலும் ஒன்று குறையும். இன்னொரு செடி வேண்டுமென்றால் லூடிசியா டிஸ்கலர் வாங்குங்கள்; கருஞ்சிவப்பு வெல்வெட்டில் செந்நூல் இழைத்தது போன்ற இலை, வெக்கையை மக்கோடஸைவிட நன்றாகத் தாங்கும்.

இப்போதுள்ள செடியைக் காப்பாற்ற முடியும் என்றே நினைக்கிறேன். சவர பிளேட்டைத் தீயில் காட்டி ஆறவிட்டு, இளகிய தண்டுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் ஒரு கணு மேலே போங்கள், இதில் இரக்கம் காட்டினால் அழுகல் மறுபடி ஏறும். வெட்டுமுகத்தில் மட்டும் கறுவாத்தூள் தொட்டு அரை நாள் நிழலில் உலரவிட்டு, மழைநீரில் நனைத்துச் சொட்டு விழாதவரை பிழிந்த புதுப் பாசியின் மேல், இரண்டு கணுக்கள் தொடும்படி படுக்க வையுங்கள். புதைக்க வேண்டாம். வேர் பிடிக்கும்வரை உரம் எதுவும் கூடாது. பின்னர் மாதம் ஒருமுறை, பொதியில் எழுதிய அளவில் காற்பங்கு போதும்.

ஒரு மாதம் கழித்துத் தண்டை இரண்டு விரலால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். பாசியும் சேர்ந்து எழுந்தால் வேர் பிடித்துவிட்டது. எழாவிட்டால் அப்படியே வைத்துவிட்டு இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள்.