மூலையில் தொலைக்காட்சி வேண்டாம்

நீண்ட சுவர் முழுவதும் சன்னலும் குட்டைச் சுவரின் ஓரத்தில் கதவும் இருப்பதால், 55 அங்குலத் தொலைக்காட்சியை மூலையில் சாய்வாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூலையில் வைத்தால் ஸ்பீக்கர்களும் சுவர்களை நெருங்கிவிடும். அப்போது தாழ்ந்த ஒலிகள் பெருத்து, வசனங்கள் தெளிவிழக்கும். சன்னலுக்கு எதிரே வைத்தாலோ பகல் வெளிச்சம் திரையில் பிரதிபலிக்கும்.

ஆகவே குட்டைச் சுவரே பொருத்தமானது. கதவின் காரணமாகத் திரை சுவரின் நடுவிலிருந்து விலகினாலும் கவலையில்லை. சோபாவைத் திரைக்கு நேரே நகர்த்தி, ஏறத்தாழ ஏழரை அடி தொலைவில் போட்டு, இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான தூரமும் ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்குள்ள தூரமும் கூடியவரை சமமாக இருக்குமாறு அமையுங்கள். அறையின் சமச்சீரைவிட ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சேர்ந்து உருவாக்கும் இந்த முக்கோணம்தான் முக்கியம் என்பது என் கருத்து. கதவு அதற்கு இடம் தராவிட்டால் இரு ஸ்பீக்கர்களையும் சற்று நெருக்கி வைக்கலாம். ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு பகுதியான ட்வீட்டர் காதின் உயரத்தில் இருப்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.