ஒன்பதாம் எண் கீழே இறங்கும்போது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கால்பந்துக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அண்மையில் நண்பர்களுக்கிடையே ஒரு விவாதம் எழுந்தது. லிவர்பூலுக்கு ஆடிய ராபர்ட்டோ ஃபிர்மினோ சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் என்று நான் சொன்னேன். கோல் அடிக்காத முன்கள வீரரை எப்படிச் சிறந்தவர் என்று சொல்ல முடியும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஃபிர்மினோவைப்போல் கோல் முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி ஆடுவது, பார்சலோனாவின் பயிற்சியாளராக இருந்த பெப் கார்டியோலா மெஸ்ஸிக்காகக் கண்டுபிடித்த உத்திதான், மெஸ்ஸி இல்லாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை என்றும் சொன்னார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த இடத்தில் ஆடிய பெரிய வீரர்கள் யார், அவர்களை எதைக்கொண்டு மதிப்பிடுவது, கோலுக்கு அருகிலேயே நின்று அடிக்கும் ஹாலண்ட் போன்றவர்கள் வந்துவிட்ட பிறகு இந்த ஆட்டமுறைக்கு இனி இடம் உண்டா என்பதை விளக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரின் கேள்வி நியாயமானது. முன்கள வீரர் கோலுக்காகவே நிற்கிறார், எனவே கோல் கணக்கைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பின்னிறங்கி ஆடுபவரின் கணக்கை அவர் பெயருக்கு நேராக மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி, அவருக்கு முன்னால் ஓடியவர்களின் பெயர்களுக்கு நேராக எழுதப்பட்டிருக்கிறது. லிவர்பூல் 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்ற 2019-20 பருவத்தில் ஃபிர்மினோ லீக்கில் அடித்த கோல்கள் 9; அவருக்கு இருபுறமும் ஆடிய சாலா 19, மானே 18. ஃபிர்மினோ நடுவிலிருந்து இறங்கி நடுக்களத்துக்கு வருவார். எதிரணியின் நடுத் தடுப்பாளர்களில் ஒருவர் அவரை நோக்கி இரண்டு அடி எடுத்துவைப்பார். அந்த இரண்டு அடி விட்ட இடத்துக்குள் சாலாவோ மானேயோ குறுக்காகப் பாய்வார்கள். பந்து ஃபிர்மினோவின் காலுக்கு வராமலேயே இது நடந்த தருணங்கள் பல உண்டு. பந்தைத் தொடாத அந்த வேலையை எந்தக் கோல் பட்டியலும் பதிவு செய்வதில்லை.

இது கார்டியோலாவின் கண்டுபிடிப்பு என்ற கருத்துக்கு வருகிறேன். 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் ஆடிய ஆட்டத்தைக் கவனமாகப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அக்கால இங்கிலாந்தில் யார் யாரைத் தடுப்பது என்பது சட்டையின் எண்ணிலேயே எழுதப்பட்டிருந்தது. பின்களத்தின் நடுவில் 5 அணிந்து ஆடும் சென்டர் ஹாஃப், எதிரணியின் முன்கள நடுவில் 9 அணிந்து ஆடும் சென்டர் ஃபார்வர்டை ஒட்டியே நிற்பார். அன்று 5 அணிந்தவர் ஹாரி ஜான்ஸ்டன். அவர் தடுக்க வேண்டிய 9, நாண்டோர் ஹிடெகுட்டி. 31 வயதான, ஓரத்தில் ஓடும் விங்கராக ஆடிப் பழகிய அந்த ஹங்கேரியர் ஜான்ஸ்டனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவே இல்லை. மைய வட்டத்துக்குச் சற்று முன்னால், நடுக்களத்தை ஆண்டுகொண்டிருந்த யோசெப் போசிக்குக்கு அருகில் நின்றுகொண்டார்.

ஜான்ஸ்டனின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். அவர் ஹிடெகுட்டியைத் தொடர்ந்து முன்னேறினால், பின்னால் கோலுக்கு நேரான பாதை திறந்துவிடும். 8 அணிந்த கோச்சிஷும் 10 அணிந்த புஷ்காஷும் அதற்காகவே காத்திருந்தார்கள். முன்னேறாமல் தன் இடத்திலேயே நின்றால் ஹிடெகுட்டி யாருடைய இடையூறும் இல்லாமல் பந்தை வாங்கித் திரும்பிவிடுவார். முதல் நிமிடத்திலேயே அதுதான் நடந்தது. பெனால்டி பகுதிக்கு வெளியே பந்தோடு வந்தவர், அடிப்பதுபோல் ஒருமுறை உடலை அசைத்து, எதிரில் இருந்தவர் நிலைகுலைந்த கணத்தில் மேல்மூலைக்கு அடித்தார். ஆட்டம் 6-3 என ஹங்கேரியின் வெற்றியாக முடிந்தபோது அவர் கணக்கில் மூன்று கோல்கள் இருந்தன. பின்னிறங்கி ஆடுபவர் கோல் அடிக்கமாட்டார் என்பவர்களுக்கு இந்த ஹாட்ரிக் போதுமான பதில். ஜான்ஸ்டன் அதன்பிறகு இங்கிலாந்துக்காக ஆடவில்லை. அவர் மோசமாக ஆடினார் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பதிலைத் தேர்ந்தாலும் தவறாக முடியும் கேள்வியை ஒருவர் 90 நிமிடமும் கேட்டுக்கொண்டே இருந்தால் மிகத் தேர்ந்த தடுப்பாளரும் என்ன செய்துவிட முடியும்?

அந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்லியாக வேண்டும். புடாபெஸ்டின் எம்டிகே கிளப்பில் பயிற்சியாளர் மார்ட்டோன் புகோவி, உடல்வலிமை மிக்க தன் சென்டர் ஃபார்வர்டை இழந்த பிறகு, அதே போன்ற இன்னொருவரைத் தேடாமல் அந்த இடத்தையே மாற்றி அமைத்தார். முதலில் பேட்டர் பலோதாஷை அங்கே ஆடவைத்தார். தேசிய அணியின் பயிற்சியாளர் குஸ்தாவ் செபெஷ் அதை எடுத்துக்கொண்டார். 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் 9-ஆம் எண் இடத்தில் ஆடியவர் பலோதாஷ்தான். ஹிடெகுட்டி அவருக்குப் பின் வந்து அந்த இடத்தை முழுமையாக்கினார். முன்கள வீரர் ஒருவர் கீழே இறங்கும்போது வேறொருவர் அதற்கும் கீழே இறங்கி ஈடு செய்ய வேண்டும். ஹங்கேரி அணியில் 6 அணிந்த சகாரியாஷ் சென்டர் ஹாஃப் லோரன்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதால், பின்களத்தில் நால்வர் அமைந்தார்கள். பின்னர் உலகம் முழுக்கப் பரவிய 4-2-4 அமைப்பு (பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் இருவர், முன்களத்தில் நால்வர்) இதிலேயே ஏறக்குறைய உருவாகிவிட்டது.

எதிரணிகள் விரைவில் பாடம் கற்றன. 1954 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் ஹெர்பெர்கர், ஹிடெகுட்டியைத் தடுக்கும் பொறுப்பை சென்டர் ஹாஃபிடம் கொடுக்காமல் ஹோர்ஸ்ட் எக்கல் என்ற, நடுக்களத்தில் ஆடும் ஹாஃப் பேக்கிடம் கொடுத்தார். நடுத் தடுப்பாளர் தன் இடத்தை விட்டு நகர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஜெர்மனி 3-2 என வென்றதற்குப் பல காரணங்கள் உண்டு. இதற்கும் அதில் பங்குண்டு. ஆகவே இந்த இடத்தில் ஆடுபவரின் திறமை வெறும் திகைக்கவைப்பதில் இருந்திருந்தால், 1954-உடன் அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

ஹிடெகுட்டியும் முதல்வர் அல்லர். 1930-களின் தொடக்கத்தில் ஹூகோ மைஸலின் ஆஸ்திரிய அணியில், மெலிந்த உடல்வாகால் காகித மனிதர் என்று அழைக்கப்பட்ட மத்தியாஸ் சிண்டலார் சென்டர் ஃபார்வர்டின் இடத்திலிருந்து இறங்கி வந்து ஆட்டத்தை நடத்தினார். 1931 மே மாதம் வியன்னாவில் ஸ்காட்லாந்தை 5-0 என வென்றது அந்த அணிதான். அர்ஜென்டினாவில் 1940-களில் ரிவர் பிளேட் கிளப்பின் புகழ்பெற்ற முன்கள ஐவரின் நடுவில் அடோல்ஃபோ பெடர்னேரா அதே வேலையைத் தன் பாணியில் செய்தார். மொரேனோவும் லப்ருனாவும் அவர் விட்ட இடத்துக்குள் நுழைந்தார்கள்.

பெடர்னேராவிடமிருந்து ஒரு நேர்க்கோடு வரையலாம். அவர் ரிவர் பிளேட்டை விட்டுப் போனபின் அந்த இடத்துக்கு வந்த இளைஞர் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபனோ. 1949-இல் கொலம்பியாவின் போகோட்டாவில், மில்லியோனாரியோஸ் கிளப்பில், இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். 1953-இல் டி ஸ்டெஃபனோ ரியல் மாட்ரிட் வந்தார். அவர் ஆடிய பரப்பை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. தன் பெனால்டி பகுதியின் அருகில் பந்தை வாங்கி, நடுக்களத்தில் பகிர்ந்து, எதிரணியின் கோல் முன்னால் அதே பந்தின் முடிவுக்கு வந்து நிற்பார். 1956 முதல் 1960 வரை மாட்ரிட் தொடர்ந்து வென்ற ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளின் ஐந்து இறுதி ஆட்டங்களிலும் அவர் கோல் அடித்திருக்கிறார்.

இங்கே ஒருவரை மறுபடி அழைக்க வேண்டும். வெம்ப்ளியில் ஹிடெகுட்டிக்கு முன்னால் ஆடிய அதே புஷ்காஷ், 1956-இன் ஹங்கேரிய எழுச்சி ஒடுக்கப்பட்டபின் நாடு திரும்பாமல் இருந்து, 1958-இல் மாட்ரிட் சேர்ந்து, டி ஸ்டெஃபனோவுக்கு முன்னால் ஆடினார். 1960-இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை 7-3 என வென்ற இறுதி ஆட்டத்தில் டி ஸ்டெஃபனோ மூன்று, புஷ்காஷ் நான்கு. பின்னிறங்கி ஆடுபவரின் அருமையை அறிய வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் ஓடியவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு புஷ்காஷைவிடச் சிறந்த சான்று இல்லை. அவருடைய இடதுகால் எந்த அணியிலும் கோல் அடித்திருக்கும். ஆனால் அந்தக் காலுக்கு முன்னால் வெற்றிடம் வேண்டும். அதை அவருக்கு இரண்டு முறை, இரண்டு நாடுகளில், இப்படிப்பட்ட இருவர் அமைத்துக் கொடுத்தார்கள்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். முன்னால் ஒரு முழுநேர கோல் வீரர் நிற்க, அவருக்குச் சில அடிகள் பின்னால் ஆடுபவர்கள். லிவர்பூலில் இயன் ரஷ்ஷுக்குப் பின்னால் கென்னி டால்கிலிஷ் இப்படி ஆடினார். 1983-84 பருவத்தில் ரஷ் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 47 கோல்கள் அடித்ததில் டால்கிலிஷின் பாஸ்களுக்குப் பெரும் பங்கு உண்டு.  இந்த வகையில் எனக்கு மிக நெருக்கமானவர் நெதர்லாந்தின் டென்னிஸ் பெர்காம்ப். 1998 உலகக்கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் மூன்றே தொடுதலில் அடித்த கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 2001 டிசம்பரில் ஆர்சனலின் மைதானமான ஹைபரியில் யுவென்டஸுக்கு எதிராக அவர் கொடுத்த ஒரு பாஸை. பெனால்டி பகுதியின் விளிம்பில், தடுப்பாளர்கள் சூழ, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்புகிறார். முதல் முறை பார்ப்பவருக்கு அவர் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டார் என்றே தோன்றும். அவர் தன் அணியின் லுயுங்பெரியின் ஓட்டத்துக்காகக் காத்திருக்கிறார். ஓட்டம் தொடங்கியதும் காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தள்ளிவிடுகிறார். லுயுங்பெரி அதை கோல் காப்பாளர் புஃபோனுக்கு மேலாகத் தூக்கி வலைக்குள் போடுகிறார். ஓடுபவர் தயாராகும்வரை நெருக்கடிக்குள் பந்தைக் காப்பாற்றி நிற்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளைத்தான் நான் இந்த இடத்தின் உச்சத் திறனாகக் கருதுகிறேன்.

மெஸ்ஸியின் பங்கையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயுவில், பார்சலோனாவின் பயிற்சியாளர் கார்டியோலா மெஸ்ஸியை வலப்புறத்திலிருந்து நடுவுக்கு மாற்றி, ஏட்டோவை வலப்புறம் அனுப்பினார். மெஸ்ஸி இறங்கி சாவி, இனியெஸ்டாவோடு சேர்ந்துகொண்டபோது, மாட்ரிட்டின் நடுத் தடுப்பாளர்கள் கன்னவாரோவும் மெட்ஸெல்டரும் தடுக்க ஆளில்லாமல் நின்றார்கள். ஜான்ஸ்டனின் கேள்வி 56 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களிடம் வந்திருந்தது. மெஸ்ஸி தூக்கிப் போட்ட பந்தில் ஆன்றி பார்சலோனாவின் முதல் கோலை அடித்தார். பார்சலோனா 6-2 என வென்ற அந்த ஆட்டத்தில் மெஸ்ஸியும் ஆன்றியும் ஆளுக்கு இரண்டு கோல்கள் அடித்தார்கள். கார்டியோலா இதை எங்கிருந்து பெற்றார் என்பதும் தெளிவு. அவர் இளம் வீரராக இருந்த பார்சலோனாவில், யோஹான் க்ரைஃப் பயிற்சியில், மிக்கேல் லாட்ரப் இப்படி ஆடியதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த க்ரைஃபே 1974 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் நெதர்லாந்து அணியின் கடைசி ஆளாகக் கீழே நின்று பந்தை வாங்கி, மேற்கு ஜெர்மனியின் பெனால்டி பகுதிவரை ஓடி வீழ்த்தப்பட்டவர். நீஸ்கென்ஸ் பெனால்டியை அடித்து முடிக்கும்வரை ஜெர்மானியர் ஒருவரும் பந்தைத் தொட்டிருக்கவில்லை.

ஆகவே உங்கள் நண்பரிடம், மெஸ்ஸி இந்த இடத்தை உருவாக்கவில்லை, அதில் வேறு யாரும் அடிக்காத அளவு கோல் அடித்தார் என்று சொல்லுங்கள். இதில் தலைசிறந்தவர் யார் என்று என்னைக் கேட்டால் டி ஸ்டெஃபனோ என்பேன். தானும் கோல் அடித்து, பிறரையும் அடிக்கவைத்து, தேவைப்பட்டபோது பின்களத்தையும் காத்தவர் அவரைப்போல் இன்னொருவர் இல்லை. ஆனால் இந்த இடம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள ஹிடெகுட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி இதற்கு இடம் உண்டா என்ற உங்கள் கடைசிக் கேள்வி. ஓடுபவர்கள் இருக்கும்வரை உண்டு. 2012 யூரோ இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின், ஃபாப்ரெகாஸை நடுவில் வைத்து இத்தாலியை 4-0 என வென்றபோது, இரண்டாவது கோலை அடித்தவர் இடது பின்களத்திலிருந்து ஓடி வந்த ஜோர்டி ஆல்பா. அப்படிப் பின்னாலிருந்து பாய்ந்து வர ஆளில்லாத அணிகளில் பந்து நடுக்களத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பு வரும். குற்றம் இறங்கி வந்தவர் மேல் விழும். ஹாலண்ட் போன்ற ஒருவரைப் பெற்ற அணி அவரைக் கோலுக்கு அருகிலேயே நிறுத்துவதுதான் முறை. அது இதற்கு எதிரானதும் அல்ல. ஹாரி கேனைப் பாருங்கள். கோல் முன்னால் நிற்பதில் தேர்ந்தவராகவே அவர் வளர்ந்தார். 2020 செப்டம்பரில் டாட்டன்ஹாம் சவுத்தாம்ப்டனை 5-2 என வென்ற ஆட்டத்தில் அவர் கீழே இறங்கி இறங்கிப் பந்தை வாங்கி அனுப்ப, சோன் ஹியுங்-மின் நான்கு கோல்கள் அடித்தார். நான்கும் கேனின் பாஸ்கள். அந்தப் பருவத்தின் முடிவில் பிரீமியர் லீகில் அதிகக் கோல் அடித்தவரும் (23) அதிகக் கோல்களுக்குப் பாஸ் கொடுத்தவரும் (14) கேனே. அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் நண்பரோடு சேர்ந்து பாருங்கள். பந்து கேனிடம் வரும் ஒவ்வொரு முறையும், சவுத்தாம்ப்டனின் நடுத் தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள், சோன் எப்போது ஓடத் தொடங்குகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்