பப்பாளி இலை நூலாயிடுச்சு, வாழை ரிப்போர்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு: இது புது வைரஸா?

கொரோனாவுக்கு அப்புறம் ‘புது வைரஸ்’ங்கற வார்த்தை எல்லார் வாய்லயும் ஒட்டிக்கிச்சு போல, செடில ஒரு இலை சுருண்டாலே இப்ப அந்தக் கேள்விதான் முதல்ல வருது. பழப்பயிர், பூச்செடி பத்தி நீங்க அனுப்பின கேள்விங்களை மட்டும் இங்க எடுத்துக்கறேன். சிலதுக்கு ரெண்டு வரில பதில் முடிஞ்சிடும், சிலதுக்கு கொஞ்சம் பொறுமையா உக்காந்து படிக்கணும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ரெட் லேடி பப்பாளி போட்டிருக்கேன். நுனி இலை எல்லாம் சதையே இல்லாம நூல் நூலா வருது. போட்டோ அனுப்பிருக்கேன், என்ன வைரஸ்னு சொல்லுங்க சார்.

போட்டோ பாத்து வைரஸ் பேர் சொல்றவங்களை நம்பாதீங்க, என்னையும் சேத்துதான் சொல்றேன். பப்பாளி இலை நூலாகறதுக்கு வைரஸ் ஒண்ணுதான் காரணம்னு இல்ல. பக்கத்து காட்டுல 2,4-டி களைக்கொல்லி அடிச்சு அது காத்துல கொஞ்சம் வந்தாலே போதும், பப்பாளிக்கு அது சுத்தமா ஆகாது, அச்சு அசலா வைரஸ் மாதிரியே இலை குறுகிடும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் குருத்துல உக்காந்தாலும் அப்படித்தான். களைக்கொல்லின்னா காத்து வந்த பக்கத்து மரம் எல்லாம் ஒரே சமயத்துல ஒரே மாதிரி ஆகும், லேசான பாதிப்புன்னா அப்புறம் வர்ற இலை தேறி வரும். பேன்னா லென்ஸ் வெச்சு குருத்து இலையோட அடிப்பக்கம் பாத்தா மாட்டிக்கும். இலை உள்பக்கமா சுருண்டு நரம்பு தடிச்சு நின்னா அது வெள்ளை ஈ பரப்பற இலைச்சுருட்டு, அது வேற வைரஸ். இலையை நூலாக்கற வளையப்புள்ளி வைரஸா இருந்தா இலைக்காம்புலயும் தண்டோட மேல்பக்கத்துலயும் எண்ணெய் பட்ட மாதிரி கரும்பச்சை கோடு விழும், காய்ல வட்டம் வட்டமா தெரியும். உங்க போட்டோல காம்பும் இல்ல காயும் இல்ல, வெறும் இலைதான் இருக்கு, போய் அதைப் பாத்துட்டு எழுதுங்க.

வளையப்புள்ளிதான்னா அது புதுசே இல்ல. ஹவாய்ல ஓவாஹு தீவுல 1940கள்லயே தோட்டத்தை காலி பண்ண ஆரம்பிச்சு, பப்பாளி விவசாயம் மொத்தமும் பெரிய தீவுல இருக்கற பூனாவுக்கு இடம் மாறி, 1992ல அங்கயும் வந்து சேந்துச்சு, 1998ல ரெயின்போ, சன்அப்ங்கற மரபணு மாத்தின ரகங்கள் கைக்கு வந்தப்புறம்தான் அவங்க மூச்சு விட்டாங்க. நம்ம ஊர்ல அந்த ரகத்துக்கு அனுமதி கிடையாது. இதைப் பரப்பற அசுவினிப் பூச்சி பப்பாளில குடும்பம் நடத்தறது இல்ல, பறந்து வந்து ஒரு குத்து குத்தி ருசி பாத்துட்டு பிடிக்கலைனு அடுத்த மரத்துக்குப் போயிடும், அந்த சில செகண்டுலயே வைரஸ் ஏறிடும், அதனால நீங்க அடிக்கற பூச்சி மருந்து வேலை செஞ்சு அது சாகறதுக்குள்ள காரியம் முடிஞ்சிடுது. நாத்தை வலைக்குள்ள வளக்கறது, வயலைச் சுத்தி முன்னாடியே ரெண்டு வரிசை மக்காச்சோளம் போடறது, முதல்ல தெரியற மரத்தை யோசிக்காம பிடுங்கறது, பக்கத்துல பூசணி வகை போடாம இருக்கறது, இவ்ளோதான் கைல இருக்கு. விதை வழியா வராது, அதனால விதைக் கம்பெனி மேல சண்டைக்குப் போகாதீங்க.

லால்குடி. பூவன் கன்னு டெஸ்ட்டுக்குக் குடுத்தேன், வாழை கீற்று வைரஸ் பாசிட்டிவ்னு வந்துச்சு. ஆனா செடி அருமையா இருக்கு. லேப் தப்பா?

லேப் தப்புன்னு சொல்ல முடியாது, டெஸ்ட் கேட்ட கேள்விதான் தப்பா இருக்கலாம். இந்த விஷயம் வாழைல ரொம்ப சுவாரசியமானது, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நம்ம ஊர் வாழை ரெண்டு காட்டு வாழையோட கலப்புல வந்தது, ஒண்ணை ஏ-ன்னும் இன்னொண்ணை பி-ன்னும் குறிப்பாங்க. பூவன், ரஸ்தாளி ஏஏபி, மொந்தன், கற்பூரவள்ளி ஏபிபி, ஜி9 முழு ஏஏஏ. இதுல பி பக்கத்து குரோமோசோம்லயே கீற்று வைரஸோட டிஎன்ஏ எந்தக் காலத்துலயோ போய் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பாட்டன் எழுதிக் குடுத்த கடன் பத்திரம் பீரோல கிடக்கற மாதிரி, பத்திரம் இருக்கு ஆனா யாரும் வந்து கேக்கல. சாதாரண பிசிஆர் போட்டா அது செடியோட டிஎன்ஏல இருக்கற இந்தத் துண்டையும் பிடிச்சு பாசிட்டிவ்னு சொல்லிடும், உள்ள ஒரு வைரஸ் துகள் கூட இல்லாத செடிக்கும் சொல்லும்.

ஆனா எல்லா துண்டும் செத்த துண்டு இல்ல, அதுதான் சிக்கல். அதுல சிலது முழுசா இருக்கு, கலப்பினம் பண்ணும்போதோ டிஷ்யூ கல்ச்சர் பண்ணும்போதோ வெயில், தண்ணி, குளிர்னு செடிக்கு அழுத்தம் வரும்போதோ முழிச்சுக்கிட்டு நிஜ வைரஸா வெளிய வந்துடும். வெளிய எந்த மாவுப்பூச்சியும் கொண்டு வராமலேயே நோய் வர்றது இப்படித்தான். அதனால நீங்க லேப்ல கேக்க வேண்டியது, ‘துகளா இருக்கா, இல்ல குரோமோசோம்ல இருக்கறதா’ன்னு. முதல்ல ஆன்டிபாடி வெச்சு துகளைப் பிடிச்சுட்டு அப்புறம் பிசிஆர் பண்ற முறை ஒண்ணு இருக்கு, துகளுக்குள்ள வட்டமா இருக்கற டிஎன்ஏவை மட்டும் பெருக்கற ஆர்சிஏ முறை இன்னொண்ணு. திருச்சிலயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, உங்களுக்கு பக்கம்தான், நேராப் போய் கேளுங்க. அதுவரைக்கும் பிடுங்க வேணாம், இலைல மஞ்சள் கீற்று விழுந்து அப்புறம் கருப்பாகுதான்னு மட்டும் பாத்துட்டே இருங்க. ஆனா ஒண்ணு, பதில் வர்ற வரைக்கும் அந்த மரத்துல இருந்து யாருக்கும் கன்னு குடுக்காதீங்க.

சென்னைல மொட்டை மாடி செம்பருத்தி, நுனி கொத்தா சுருண்டு நிக்குது. வைரஸா மேடம்?

மேடம் இல்ல, சார். பரவால்ல. முதல்ல சுருண்ட நுனியைப் பிரிச்சுப் பாருங்கம்மா, வெள்ளையா மாவு இருந்தா மாவுப்பூச்சி, வெட்டி கவர்ல போட்டு கட்டி குப்பைக்கு அனுப்பினா பாதி வேலை முடிஞ்சுது. செம்பருத்திக்கு நிஜ வைரஸும் நிறைய உண்டு, பருத்தி இலைச்சுருட்டு வைரஸ் வெள்ளை ஈ மூலமா வரும், வெளிறின வளையம் போடற இன்னொண்ணு கவாத்து கத்தரி மூலமாவே ஒரு தொட்டில இருந்து அடுத்த தொட்டிக்குப் போகும்.

நான் எம்எஸ்சி நோயியல் படிக்கறேன். ஒரு வைரஸ் ‘புதுசு’ன்னு எப்ப சொல்லலாம்? சீக்வென்ஸ் பண்ணிட்டா போதுமா?

போதாது தம்பி. சீக்வென்ஸ்ங்கறது மரபணுவோட எழுத்து வரிசையைப் படிக்கறது, அவ்ளோதான். இந்தக் கேள்விக்கு முழு பக்கமே எழுதலாம். முன்னாடி எல்லாம் சாறு எடுத்து கீனோவா செடி இலைல தேய்ச்சு புள்ளி விழுதான்னு பாத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல குச்சியா உருண்டையான்னு பாத்து, எலிசாங்கற ஆன்டிபாடி டெஸ்ட் போட்டுப் பாப்பாங்க, எலிசால ஏற்கனவே சந்தேகப்பட்ட ஆளைத்தான் தேட முடியும். இப்ப நோயாளி செடியோட மொத்த ஆர்என்ஏவையும் எடுத்து மெஷின்ல விட்டுட்டு, செடியோட சொந்த சீக்வென்ஸை கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பாக்கறோம். செடியே வைரஸை எதிர்த்து அதை 21, 22, 24 எழுத்து நீளத் துண்டா வெட்டிப் போடும், அந்தத் துண்டுங்களை மட்டும் பொறுக்கி ஒட்டவெச்சும் முழு வைரஸைக் கொண்டு வரலாம். யாருன்னே தெரியாத ஆளையும் பிடிக்க முடியறது இதுலதான்.

புதுசா பழசாங்கறது குடும்பத்துக்கு குடும்பம் மாறும். வெள்ளை ஈ பரப்பற இலைச்சுருட்டு மாதிரி பெகோமோ வைரஸ்னா டிஎன்ஏ-ஏங்கற துண்டோட முழு சீக்வென்ஸ் தெரிஞ்ச எதோடயும் 91 சதவீதத்துக்குக் கீழ ஒத்துப்போனா தனி இனம். வாழை கீற்று வைரஸ் சேர்ற பேட்னா வைரஸ் வகைன்னா ஒரு குறிப்பிட்ட பகுதில 80 சதவீதம். பப்பாளி வளையப்புள்ளி சேர்ற போட்டி வைரஸ் வகைன்னா 76. சர்வதேச வைரஸ் பெயரிடல் குழு போட்ட கோடுங்க இது, இயற்கை போட்டது இல்ல, அதை மனசுல வெச்சுக்கோ.

ஆனா இதுக்கு அப்புறம்தான் உண்மையான வேலை. சீக்வென்ஸ் உனக்கு ஒரு பேரைத் தரும், குற்றவாளியைத் தராது. இந்த மாதிரி தேடினா எந்த நோயும் பண்ணாம விதை வழியா தலைமுறை தலைமுறையா வாழ்ந்துட்டு இருக்கற பார்ட்டிட்டி வைரஸ் மாதிரி ஆளுங்க, இலை மேல இருந்த பூஞ்சைக்குள்ள இருந்த வைரஸ், பக்கத்து சாம்பிள்ல இருந்து கசிஞ்சு வந்தது எல்லாமே லிஸ்ட்ல வரும். பிரேசில்ல பப்பாளி பிசின் நோயைப் பாரு. காய்ல இருந்து பால் தண்ணியா வழிஞ்சு காஞ்சு ஒட்டிக்கிட்டு காய் விக்க முடியாம போகும், 1980கள்லயே அங்க பெரிய தலைவலி. மரத்துல ஒரு ரெட்டை இழை ஆர்என்ஏ வைரஸ் கிடைச்சுது, சரி இதுதான்னு ரொம்ப வருஷம் வெச்சிருந்தாங்க. அப்புறம் ஆழமா சீக்வென்ஸ் பண்ணினப்போ கூடவே சின்னதா இன்னொரு வைரஸ் இருக்கறது தெரிஞ்சுது, அதுக்கு சொந்தமா உறை கிடையாது, முதல் வைரஸோட உறைக்குள்ள ஏறிப் பயணம் பண்ணுது. இதுல கூத்து என்னன்னா, மரம் பூக்கற வரைக்கும் நோய் அறிகுறியே காட்டாது, அதனால நாத்துல ‘வைரஸ் இருக்கு, நோய் இல்ல’ன்னு எழுதினா அதுவும் தப்பாப் போயிடும்.

அதனால, சுத்தமான செடிக்கு அந்த வைரஸை மட்டும் ஏத்தி நோய் வருதான்னு பாக்கணும், முடிஞ்சா வைரஸோட மரபணுவை குளோன் பண்ணி ஏத்தணும், எந்தப் பூச்சி பரப்புதுன்னு பாக்கணும், தோட்டத்துல நோயுள்ள மரத்துலயும் நோயில்லாத மரத்துலயும் எண்ணிப் பாக்கணும். மரப்பயிர்ல இதுக்கு வருஷக்கணக்கா ஆகும், அதனாலதான் நிறைய பேர் சீக்வென்ஸோட கட்டுரையை முடிச்சுடறாங்க, எனக்கு அது பிடிக்கறது இல்ல. தேடற இடமும் ஒரு செடியோட நிக்கக் கூடாது. ஹவாய்ல ஓவாஹுல எலுமிச்சை வகை மரத்துல லெப்ரோசிஸ்ங்கற எலுமிச்சை நோய் மாதிரி புள்ளி வந்து தேடினப்போ 2012ல வெளிவந்த புது வைரஸ், பக்கத்துல இருந்த செம்பருத்திலயும் இருந்துச்சு, கடைசில பேரே செம்பருத்தி பச்சைப்புள்ளி வைரஸ்னு ஆயிடுச்சு. வேலி ஓரத்துப் பூச்செடியையும் பையில போட்டுக்கிட்டு வரணும்னு பசங்களுக்கு நான் சொல்றது அதுக்குத்தான்.

டிராகன் ஃப்ரூட் கட்டிங் வாங்கப் போறேன். தண்டுல வெளிர் பச்சை திட்டு இருக்கு, வாங்கலாமா?

வேணாம். கள்ளி எக்ஸ் வைரஸ்னு ஒண்ணு தைவான், மலேசியான்னு பல இடத்துல டிராகன் ஃப்ரூட்ல பரவிக் கிடக்கு, அதுக்கு பூச்சி கூட வேணாம், வெட்டற கத்தி போதும். மரம் சாகாது, அதனாலதான் யாரும் கண்டுக்காம கட்டிங் கட்டிங்கா வித்துட்டே இருக்காங்க. உங்க தோட்டத்துல வெட்டும்போது ரெண்டு கத்தி வெச்சுக்கோங்க, ஒண்ணு ப்ளீச்ல ஊறட்டும், இன்னொண்ணுல வெட்டுங்க. ப்ளீச்ல இரும்பு துருப்பிடிக்குதுன்னா கொழுப்பில்லாத பால் பவுடரை 20 சதவீதம் கரைச்சு அதுல முக்கினாலும் இந்த மாதிரி குச்சி வைரஸுங்க அடங்கும், ஆர்க்கிட் வளக்கறவங்களும் செய்யலாம். சிரிக்காதீங்க, பரிசோதிச்சுப் பாத்த விஷயம்தான்.

வெரிகேட்டட் செடி எல்லாம் வைரஸ்னு ஒருத்தர் சொல்றாரே?

எல்லாம் இல்ல. உங்க வீட்டு மணி பிளான்ட், குரோட்டன்ஸ் எல்லாம் பிறவி நிறம். ஆனா நம்ம துத்தி இருக்கே, அதோட சொந்தக்கார அலங்காரச் செடி ஒண்ணு மஞ்சள் திட்டோட விக்கறாங்க, அது நிஜமாவே பெகோமோ வைரஸ்தான், அழகுக்காக மனுஷனே வளக்கறான். கல்வாழைல மஞ்சள் கீறல் இருந்தா மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்க.

சிறுமலை. மலைவாழைல முடிக்கொத்து நோய், இலை எல்லாம் உச்சில கொத்தா நிக்குது. மரத்தை வெட்டிட்டேன், திரும்ப வருது. வைரஸ் மாறிடுச்சா?

மாறல அண்ணே, வெட்டினது பத்தல. 1889ல பிஜில பதிவான அதே நோய்தான், இலங்கை வழியா 1940 வாக்குல கேரளாவுக்குள்ள வந்து அப்புறம் உங்க மலைக்கு ஏறிச்சு, பஞ்சாமிர்தத்துக்குப் போற விருப்பாச்சி வாழையையே ஆட்டிப்படைச்சது. வைரஸ் கிழங்குல இருக்கு, வெட்டினா பக்கக்கன்னு அதோடவே முளைக்கும். முதல்ல மருந்தடிச்சு கருப்பு அசுவினியைக் கொல்லணும், இல்லாட்டி மரம் சாயறப்போ அது பக்கத்து மரத்துக்கு ஏறிக்கும். அடுத்த கட்டமா கிழங்கோட தோண்டி எடுக்கணும். சந்தேகம் இருந்தா இலைக்காம்பையும் நரம்பையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, கரும்பச்சைல புள்ளியும் கோடுமா விட்டு விட்டு ஓடும், வாழைல பொதுவா வேற நோய்ல அப்படி வராது.

வைரஸுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் இல்ல. கடைல ‘வைரஸ் மருந்து’ன்னு குடுக்கறது பெரும்பாலும் சத்து டானிக்தான்.

நான் புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சா என் பேர் வைப்பாங்களா?

செடி பேரும் அறிகுறியும்தான் வரும். சில சமயம் ஊர் பேர் வரும், சிங்கப்பூர், புது டெல்லி எல்லாம் அப்படி மாட்டிக்கிட்டதுதான். உங்க ஊர் பேர் வந்தா அங்க நர்சரி வெச்சிருக்கறவங்க உங்களை என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

சாம்பிள் எப்படி அனுப்பணும்?

காஞ்ச இலை, அழுகின இலை வேணாம், அறிகுறி நல்லாத் தெரியற இளம் இலையா எடுங்க. தண்ணில கழுவாதீங்க, ஈரத்துணில சுத்தாதீங்க, ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சு வந்து சேரும். நியூஸ் பேப்பர் நடுவுல வெச்சு கவர்ல போட்டு அன்னைக்கே அனுப்புங்க, வெள்ளிக்கிழமை அனுப்பி ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல வெயில்ல கிடக்கறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம். அதே தோட்டத்துல நல்லா இருக்கற மரத்தோட இலையும் தனி கவர்ல கட்டாயம் வேணும், அது இல்லாம எங்களால ஒப்பிட முடியாது. முழு மரம், இலை, காய் மூணுக்கும் போட்டோ, என்ன களைக்கொல்லி எப்ப அடிச்சீங்க, பக்கத்து காட்டுக்காரர் என்ன அடிச்சார், கன்னு எங்க வாங்கினது, இதெல்லாம் ஒரு சீட்டுல. சீட்டை பென்சில்ல எழுதுங்க, பேனா மை இலை ஈரத்துல பரவி எதுவும் படிக்க முடியாம வருது.