ஈசிஇ படிக்கும் மகளுக்கு ஆர்எஃப் வேலை: லேபில் எதைப் பழக வேண்டும்?

அண்ணாச்சி, மகள் ஈசிஇ மூன்றாம் ஆண்டு, கோடிங்கில் ஈடுபாடு இல்லை, கோர், அதாவது படித்த துறை சார்ந்த வேலைப் பக்கம் போனால் பிழைப்பு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். ஆனால் அந்தப் பக்கம் மார்க்கோடு கைப்பழக்கமும் வேண்டும்.

மகேந்திரகிரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று எல்லா நம்பிக்கையையும் அதிலேயே வைக்காதீர்கள். அது ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம். எலக்ட்ரானிக்ஸ் ஆளுக்கு அங்கே சென்சார், அளவீட்டு வேலைதான் அதிகம். ஆர்எஃப் எனப்படும் ரேடியோ அலை சார்ந்த வேலைக்குச் சென்னை, பெங்களூரு போகத் தயாராக இருக்க வேண்டும்: ராடார், செயற்கைக்கோள், செல்பேசிக் கருவிகள், சென்னை சமீர் போன்ற, கருவிகளின் மின்காந்த இடையூறை அளக்கும் இஎம்சி சோதனைக்கூடங்கள்.

நேர்காணலுக்கு இப்படி ஒரு கேள்வியை வைத்துத் தயாராகட்டும். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல். 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, அதைவிட 60 டெசிபெல் குறைவாக இன்னொன்று. எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

"ஆர்பிடபிள்யூவை 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைப்பேன்" என்ற பதில் பாதிதான் சரி. ஆர்பிடபிள்யூ என்பது கருவி ஒரு நேரத்தில் பார்க்கும் அலைவரிசை ஜன்னலின் அகலம், அதாவது உள்ளிருக்கும் ஃபில்டரின் 3 டெசிபெல் அகலம். இரண்டும் ஒரே உயரமாக இருந்தால் அது போதும்; நடுவில் 3 டெசிபெல் அளவுக்குப் பள்ளம் தெரியும். இங்கே சின்ன சிக்னல் பெரியதன் சரிவுக்குள் கிடக்கிறது. அதனால் ஃபில்டரின் ஷேப் ஃபேக்டரைப் பார்க்க வேண்டும். உச்சியிலிருந்து 60 டெசிபெல் கீழே உள்ள அகலத்தை 3 டெசிபெல் கீழே உள்ள அகலத்தால் வகுத்து வரும் எண் அது. அனலாக் ஃபில்டருக்கு 11 என்று கொள்வோம். ஆர்பிடபிள்யூ 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் 60 டெசிபெல் அகலம் 33, ஒரு பக்கத்துக்கு 16.5 கிலோஹெர்ட்ஸ். பத்தில் நிற்கும் சிக்னல் அதற்குள் புதைந்துவிடும். ஆர்பிடபிள்யூவை 1 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் ஒரு பக்கம் 5.5தான், சிக்னல் தலைகாட்டும். டிஜிட்டல் ஃபில்டரில் ஷேப் ஃபேக்டர் 5 அளவுக்கு இறங்குவதால் 3 கிலோஹெர்ட்ஸிலேயே தெரியும். இந்தக் கணக்கைப் பிள்ளை பேப்பரில் போட்டுக் காட்டினால் எதிரே இருப்பவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும்.

ஆர்பிடபிள்யூவைப் பத்தில் ஒன்றாக்கினால் இரைச்சல் தளம் 10 டெசிபெல் இறங்கும். அனலாக் ஃபில்டரில் ஸ்வீப் நேரமோ, அதாவது திரையை ஒருமுறை வரைய ஆகும் நேரமோ, 100 மடங்காகும். 1 மெகாஹெர்ட்ஸ் ஸ்பேனுக்கு (திரையில் காட்டும் அலைவரிசை அகலம்) 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 2.5 விநாடி, 100 ஹெர்ட்ஸில் நான்கு நிமிடத்துக்கு மேல். ஆகவே முதலில் ஸ்பேனை 50 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்க வேண்டும். பொறுமையில்லாமல் ஸ்வீப்பை வேகமாக்கினால் உச்சி தாழ்ந்து, இடமும் நகர்ந்து தப்பான அளவு வரும். வீடியோ பேண்ட்விட்த்தைக் குறைத்தால் இரைச்சல் வழவழப்பாகுமே தவிர, சிக்னல்கள் பிரியாது.

எல்லாம் சரியாக வைத்தும் தெரியவில்லையா? கருவியின் ஃபேஸ் நாய்ஸை, அதாவது அதன் உள் ஆசிலேட்டரின் நடுக்கத்தால் வரும் இரைச்சலைப் பார்க்கட்டும். 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அது ஹெர்ட்ஸுக்கு −90 டிபிசி (பெரிய சிக்னலைவிட 90 டெசிபெல் கீழே) என்றால், 1 கிலோஹெர்ட்ஸ் ஆர்பிடபிள்யூவில் திரையில் −60 ஆகத் தெரியும். அந்தச் சின்ன சிக்னலும் அதே உயரம்தானே!

கண்ணில் பட்டது நிஜமான சிக்னலா என்பதற்கும் சோதனை உண்டு. உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேஷனை 10 டெசிபெல் கூட்டினால் நிஜமானது அசையாது; கருவியில் அலைவரிசையை மாற்றும் மிக்சருக்குள் உருவான போலி உயரம் மாறும்.

கல்லூரி லேபில் இரண்டு சிக்னல் ஜெனரேட்டர், இரண்டையும் சேர்க்கும் ஒரு கம்பைனர், 50 ஓம் கேபிள்கள் கிடைத்தால் ஒரு மதியத்தில் இத்தனையும் செய்து பார்க்கலாம். ரெசிஸ்டிவ் கம்பைனர் 6 டெசிபெல் தின்னும், கணக்கில் சேர்க்கட்டும். பல அனலைசர்களின் உள்ளீட்டு எல்லை 1 வாட். 5 வாட் வாக்கிடாக்கியை நேராகச் செருகினால் முன்பகுதி போய்விடும். லேபில் கருவி இல்லையென்றால் கணினியில் செருகும் ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். விநாடிக்கு 24 லட்சம் சாம்பிளில், 1024 புள்ளி எஃப்எஃப்டி (சாம்பிள்களை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) 2.3 கிலோஹெர்ட்ஸ் வரையே பிரிக்கும்; 16384 புள்ளி என்றால் 146 ஹெர்ட்ஸ்.

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் நாட்ஸ் (தேசிய அப்ரெண்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிந்து ஓராண்டு அப்ரெண்டிஸ் இடம் தேடட்டும். விண்ணப்பத்தில் "ஸ்பெக்ட்ரம் அனலைசர் தெரியும்" என்று மொட்டையாக எழுதாமல், எந்த ஆர்பிடபிள்யூ, எந்த ஸ்பேனில் எதை அளந்தாள் என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு இரண்டு பக்க அறிக்கையாக இணைக்கச் சொல்லுங்கள்.