அம்மா ஏன் ஒருக்களித்து உட்காருகிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றுநோய் என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கட்டி மூன்று சென்டிமீட்டர். இடது தொடை இடுக்கில் ஒரு நெறியிலும் (நிணநீர்க் கணு) பரவியிருந்ததால் பிறகு கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அங்கே வெள்ளைப் படலமும் அரிப்பும் இருந்தன. உறவினர்களிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். ஐந்து வருடம் தாண்டுவது பாதிப் பேர்தான் என்று அண்ணன் இணையத்தில் பார்த்துச் சொல்கிறார். உண்மையா? திரும்ப வருமா? மற்றபடி அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். வயதாகிவிட்டதால் முன்போல் சம்மணமிட்டு உட்காருவதில்லை, தரையில் ஒருக்களித்து உட்கார்ந்துதான் பூக் கட்டுகிறார். அண்ணன் மகளின் சடங்கு வந்ததால் போன செக்கப்புக்குப் போக முடியவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆறுதல் அப்புறம். அம்மா எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறார்?

முழங்கால் வலி உள்ளவர் தரையில் உட்காரவே யோசிப்பார், நாற்காலியைத் தேடுவார். உங்கள் அம்மா தரையில்தான் உட்காருகிறார். உட்கார்ந்தபின் ஒரு பக்கத்தில் மட்டும் பாரத்தைப் போட்டு மறுபக்கத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்றால், அங்கே ஏதோ உறுத்துகிறது. தையல் போட்ட தழும்பு இழுக்கலாம். கரண்ட் வைத்த தோல் வறண்டு வெடித்திருக்கலாம். நோயே திரும்ப முளைத்திருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. கூடவே இருக்கும் உங்களால் பார்க்க முடியும். பார்க்காமலே வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள்.

முதல் தடவையும் இதுதானே நடந்தது? பல வருடம் அரிப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அரிப்புதான். மாதவிலக்கு நின்றால் அப்படித்தான், சர்க்கரை இருந்தால் அப்படித்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் தயாராக இருக்கும். மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் களிம்பில் காலம் ஓடும். கடைசியில் ரத்தம் பட்ட துணியோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இதே கதையை வேறு வேறு கையெழுத்துகளில் எத்தனையோ முறை படித்துவிட்டேன்.

இனி உங்கள் அண்ணனின் கணக்கு. அது பொய் இல்லை, ஆனால் அரைகுறை. இந்த நோயில் ஆயுளை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது தொடை இடுக்கு நெறிகள்தான். அவற்றில் பரவாதவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். பரவியிருந்தால் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தாண்டுகிறார்கள். நெறியில் பரவியவர்களுக்குள்ளும் எல்லோரும் ஒன்றல்ல. ஒரே நெறியில், அதுவும் துளியளவு பரவியவரும், மூன்று நான்கு நெறிகளில் பரவி உறையைக் கிழித்து வெளியே வந்தவரும் அதே கணக்கில்தான் வருகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எத்தனை நெறிகளை எடுத்தார்கள், பரவிய நெறியின் உறை கிழிந்திருந்ததா, கட்டி எவ்வளவு ஆழம் போயிருந்தது, வெட்டிய விளிம்பில் நல்ல தோல் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதெல்லாம் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படித்தீர்களா? இணையத்தில் ஊரார் கணக்கைப் படித்த அண்ணன் பெற்ற தாயின் ரிப்போர்ட்டைப் படித்தாரா?

திரும்ப வருமா என்றால், வரலாம். வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்துக்குள் வரும். அது எங்கே வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். பழைய இடத்திலோ அதை ஒட்டியோ வந்து, சிறியதாக இருக்கும்போதே கண்ணில் பட்டால், மறுபடி வெட்டி எடுக்கலாம். அப்படி எடுத்தபின் பல வருடம் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். தொடை இடுக்கில் வந்தால் கடினம், ஏற்கெனவே கரண்ட் வைத்த இடமென்றால் இன்னும் கடினம்.

அம்மாவுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த வெள்ளைப் படலம் அநேகமாக டாக்டர்கள் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்கிற நாள்பட்ட தோல் வியாதியாக இருக்கும். கட்டியை எடுத்தாலும் மீதித் தோலில் அந்த வியாதி இருக்கும், சில வருடம் கழித்து வேறொரு இடத்தில் புதிதாகவே புற்று கிளம்பலாம். இளம் வயதில், உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸால் வருகிற வகை பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். வெள்ளைப் படலத்திலிருந்து வருகிற வகை அத்தனை சாது இல்லை. ஆகவே ஐந்து வருடம் முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு வர முடியாது. படலத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தால் அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொன்னபடி தடவ வேண்டும். அதையும் அம்மாவிடம் விசாரியுங்கள். கால் வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள், நெறி எடுத்தவர்களுக்கு அது வரலாம்.

முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வது இதனால்தான். நீங்கள் அந்த இரண்டு வருடத்துக்குள் இருக்கிறீர்கள், அதில் ஒன்றைத் தவறவும் விட்டிருக்கிறீர்கள். காரணம் சடங்கு! பேத்தி பெரியவளானதைப் பத்திரிகை அடித்து ஊருக்கே சொல்லலாம், பாட்டிக்கு எங்கே நோய் என்பதை மட்டும் இடம் மாற்றித்தான் சொல்ல வேண்டுமா? உறவுக்காரர்களிடம் சொல்வதும் மறைப்பதும் அம்மாவின் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். அவர் விரும்பித்தான் மறைத்தீர்களா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று வீடே சொல்லிக்கொண்டிருந்தால், கீழே எரிகிறது என்று அந்த அம்மாள் யாரிடம் சொல்வார்? பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்காருவார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அதுவும் வெளியே சொல்லக் கூசுகிற இடம்தான். அந்தத் துக்கத்தைப் பூட்டி வைக்காமல் முப்பது வருடம் போராடி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார் அக்காள். உங்களிடம் யாரும் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை.

இன்றைக்கு அம்மா குளித்துவிட்டு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா அம்மா" என்று கேளுங்கள். சம்மதித்தால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஆறாத புண், தடிப்பு, புதிதாக வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, ரத்தக் கசிவு, தொடை இடுக்கில் கையில் தட்டுப்படும் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். நம்மைப் பெற்றுக் கழுவித் துடைத்து வளர்த்தவளின் உடம்பைப் பார்ப்பதில் மகளுக்கு என்ன கூச்சம்? எனக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. ஒன்றும் தென்படவில்லை என்றாலும், அம்மா மறுத்துவிட்டாலும், இந்த வாரமே ஆபரேஷன் செய்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். உட்கார முடியவில்லை என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அம்மா சொல்ல மாட்டார். சந்தேகப்படும்படி எதுவும் இருந்தால் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வெறும் களிம்போடு திருப்பி அனுப்பினால், சதைப் பரிசோதனை ஏன் வேண்டாம் என்று கேளுங்கள்.

அம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போகாதீர்கள். சடங்கு நடத்திய அண்ணனுக்கு ஒரு கார் பிடிப்பது பெரிய செலவில்லை. அவரும் லீவு போட்டுக் கூட வரட்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது மகளின் வேலை, வீட்டில் உட்கார்ந்து சதவீதம் பார்ப்பது மகனின் வேலை என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? டாக்டரிடம் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். நெறி எத்தனை, விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.